ஒன்றுக்குக் கீழே ஒரு சாய்வு

1 பாகைக் கோணத்தின் சைன் மதிப்பு வேண்டும். கால்குலேட்டர் இல்லை; காகிதமும் பொறுமையும்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

3 பாகை வரைக்கும் வந்துவிடலாம். 60 பாகைக்கு உரிய மதிப்பைச் சமபக்க முக்கோணம் தருகிறது, 72 பாகைக்கு உரியதை ஒழுங்கு ஐங்கோணம் தருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 12 பாகை. பாதியாக்கினால் 6, இன்னொரு முறை பாதியாக்கினால் 3. இதுவரை எல்லாமே வர்க்கமூலங்களால் முடிகிற வேலை. அடுத்து 3 பாகையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அங்கே வர்க்கமூலம் கைவிட்டுவிடுகிறது. முப்படிச் சமன்பாடு ஒன்று குறுக்கே நிற்கிறது. பள்ளியில் படித்த வாய்பாடுதான் அது: ஒரு கோணத்தின் சைனை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து சைனின் கனத்தைப் போல் நான்கு மடங்கைக் கழித்தால், மும்மடங்குக் கோணத்தின் சைன் வரும்.

15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமர்கந்தில் அரசர் உலுக் பெக்கின் அவையில் இருந்த கணிதவியலாளர் அல்-காஷி இந்தச் சமன்பாட்டை எப்படிக் கையாண்டார் என்பதைப் பார்த்த நாளிலிருந்து, கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு எது என்று யார் கேட்டாலும் இதையே சொல்கிறேன். அவர் சமன்பாட்டைத் தீர்க்க முயலவில்லை. அதை இடம் மாற்றி எழுதினார். தேடும் எண்ணின் கனத்தை நான்கால் பெருக்கு, 3 பாகையின் சைனைக் கூட்டு, மூன்றால் வகு. கிடைப்பது தேடும் எண்ணே. தேடும் எண் இரண்டு பக்கமும் இருக்கிறதே, இதில் என்ன லாபம் என்று தோன்றலாம். லாபம் இருக்கிறது. வலப்பக்கத்தில் ஓர் உத்தேச எண்ணைப் போடுங்கள்; இடப்பக்கத்தில் அதைவிட நல்ல உத்தேசம் கிடைக்கும்.

செய்தே பார்க்கலாம். 3 பாகையின் சைன் 0.0523359562. கனத்தை மறந்துவிட்டு வெறுமனே மூன்றால் வகுத்தால் 0.0174453187. இதுதான் முதல் உத்தேசம். இதன் கனத்தை நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 0.0000070791, கூட்டினால் 0.0174523978. அதே வேலையை இந்தப் புதிய எண்ணை வைத்து இன்னொரு முறை செய்தால் 0.0174524064. உண்மையான மதிப்பு 0.01745240643... இரண்டே சுற்றில் பத்து தசம இடங்கள் சரியாகிவிட்டன. அல்-காஷி அறுபதை அடிமானமாகக் கொண்ட எண்முறையில், ஒவ்வோர் இலக்கமாக இதைச் செய்தார். அவர் அடைந்த மதிப்பு இன்றைய கணக்கில் 16 தசம இடங்கள் வரை சரியாக இருக்கிறது. அவர் மறைந்தது 1429-இல். நியூட்டன் பிறக்க இன்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தன.

ஒரு விதி. அதற்குள் ஓர் எண்ணைக் கொடு. வெளியே வருவதை எடுத்து மறுபடி அதற்குள்ளேயே கொடு. விதிக்குள் போயும் மாறாமல் வெளியே வரும் எண்ணுக்கு நிலைப்புள்ளி என்று பெயர். அதுவே நாம் தேடும் விடை. திரும்பத் திரும்பச் செய்யும் இந்த மறுசெய்கை முறைதான் எனக்குத் தொழில் என்றே சொல்லலாம். நாள் முழுவதும் கணக்கீட்டு நிரல்கள் எழுதுகிறவன் நான். ஏதாவது ஒரு விதி எங்கோ ஒரு நிலைப்புள்ளியை நோக்கிச் சுற்றிக்கொண்டிருக்காத நிரல் ஒன்றைக் கடைசியாக எப்போது எழுதினேன் என்று நினைவில்லை.

அல்-காஷியின் விதி ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? இந்த ஒரு கேள்விக்குள் இந்தத் துறையின் பாதி அடங்கிவிடுகிறது. உத்தேசத்தில் ஒரு சிறு பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடிந்ததும் அந்தப் பிழை எவ்வளவாக ஆகும்? விதியை வரைபடமாக வரைந்தால், நிலைப்புள்ளியில் அந்த வளைகோட்டின் சாய்வு என்னவோ அந்த மடங்காக ஆகும். வகைக்கெழு தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடலாம்: இங்கே சாய்வு, தேடும் எண்ணின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கு. அதாவது சுமார் 0.0012. ஒவ்வொரு சுற்றும் பிழையை 0.0012-ஆல் பெருக்குகிறது, ஏறக்குறைய மூன்று தசம இடங்கள் ஒரே தாவலில் சரியாகின்றன.

கால்குலேட்டரைப் பாகைக்குப் பதிலாக ரேடியன் என்ற கோண அலகில் வைத்து, 1 என்று இட்டு, கொசைன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் நடப்பதும் இதே கதைதான், ஆனால் ஆமை வேகத்தில். 0.5403, 0.8576, 0.6543, 0.7935, 0.7014 என்று மேலும் கீழுமாகத் தத்தளித்துக் கடைசியில் 0.739085 அருகே அடங்கும். இங்கே சாய்வு −0.67. ஒரு தசம இடம் சரியாக ஆறு சுற்று ஆகிறது. சாய்வில் எதிர்க்குறி இருப்பதால்தான் எண்கள் விடையின் இரு பக்கமும் மாறி மாறி விழுகின்றன. வேகம், தத்தளிப்பு இரண்டையும் ஒரே எண் சொல்லிவிடுகிறது. சாய்வின் அளவு, குறியை நீக்கிப் பார்த்தால், ஒன்றுக்குக் கீழே இருக்கிறதா? அருகில் தொடங்கினால் வந்து சேரலாம். ஒன்றுக்கு மேலே இருக்கிறதா? விடையின் வாசலிலேயே தொடங்கினாலும் விரட்டப்படுவோம்.

ஒரே சமன்பாட்டை வெவ்வேறு விதிகளாக எழுதலாம் என்பதுதான் இதில் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் விஷயம். வர்க்கம் 2 ஆக உள்ள எண்ணை எடுத்துக்கொள்வோம். ‘2-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்த எண்ணே வரும்’ என்று எழுதலாம். இந்த விதியில் 1-இல் தொடங்கினால் 2 வரும், பிறகு 1, பிறகு 2. யுகம் யுகமாக இப்படியே போகும். சாய்வு சரியாக −1. ‘எண்ணின் வர்க்கத்தோடு எண்ணைக் கூட்டி 2-ஐக் கழித்தால் அந்த எண்ணே வரும்’ என்றும் எழுதலாம். இதுவும் பொய்யில்லை. ஆனால் 1.5-இல் தொடங்கினால் 1.75, 2.8125, 8.72 என்று எகிறி ஓடுகிறது, சாய்வு 3.83. மூன்றாவதாக, ‘எண்ணையும், 2-ஐ எண்ணால் வகுத்த ஈவையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்த எண்ணே வரும்’. இதில் 1-இல் தொடங்கினால் 1.5, 1.41667, 1.4142157, 1.41421356237. நான்கே சுற்று. மூன்றும் இயற்கணிதப்படி ஒரே வாக்கியம். ஒன்று சிறைப்படுத்துகிறது, ஒன்று துரத்துகிறது, ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

மூன்றாவது விதியில் சாய்வு பூச்சியம். ஒன்றுக்குக் கீழே என்ன, அதற்கும் கீழே போக இடமே இல்லை. சாய்வு பூச்சியமாகும்போது பிழை ஒரு மடங்கால் சுருங்குவதில்லை. தன்னைத் தானே வர்க்கப்படுத்திக்கொள்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த பிழை அடுத்த சுற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கிறது.

இது மிகப் பழைய விதி. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஹெரோன் 720-இன் வர்க்கமூலத்தை இப்படித்தான் கண்டார். 27-இன் வர்க்கம் 729, பக்கத்தில் இருக்கிறது. 720-ஐ 27-ஆல் வகுத்து, 27-ஐக் கூட்டிப் பாதியாக்கினால் 26-உம் ஆறில் ஐந்து பங்கும். அதன் வர்க்கம் 720-உம் முப்பத்தாறில் ஒரு பங்கும். இதோடு அவர் நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல தோராயம், அவ்வளவுதான். வித்தியாசம் இதைவிடக் குறைய வேண்டுமானால் 729-க்குப் பதிலாக இந்தப் புதிய எண்ணை எடுத்துக்கொண்டு அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள் என்று எழுதிவைத்தார் பாருங்கள், அந்த வரிதான் எனக்குப் பொன் வரி. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகையில், ஹெரோனுக்கும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தையதில், 2-இன் வர்க்கமூலம் 1.414213 வரை சரியாக இருக்கிறது என்றே சொல்லிவிடலாம்; கடைசி இலக்கம்தான் சற்றே குறைகிறது. ஆனால் அதில் எண்கள் மட்டுமே உண்டு, வழிமுறை இல்லை. ஹெரோன் வழிமுறையைத் தருகிறார்.

நியூட்டன் 1669-இல் எழுதிய கட்டுரையில் ஒரு முப்படிச் சமன்பாட்டை 2 என்ற உத்தேசத்திலிருந்து தொடங்கி 2.09455148 வரை கொண்டுபோனார். அவர் அதை ஒரு விதியாக எழுதவில்லை. ஒவ்வொரு படியிலும் புதிய சமன்பாடு ஒன்றை உருவாக்கிக்கொண்டே போனார். ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வடிவத்தை 1690-இல் ஜோசப் ராப்சன் தந்தார். எந்தச் சமன்பாட்டுக்கும் பொருந்தும்படி நுண்கணித மொழியில் 1740-இல் தாமஸ் சிம்ப்சன் எழுதினார். பாடப்புத்தகங்கள் நியூட்டன்–ராப்சன் என்று இருவர் பெயரைத்தான் சொல்கின்றன. சிம்ப்சன் பெயர் அதில் விடுபட்டுப்போனது நியாயமில்லை என்பது என் கருத்து.

இந்தக் குடும்பத்தில் மிக அழகான விதி எது என்றால் வகுத்தலைத்தான் சொல்வேன். 1-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும், ஆனால் வகுத்தலே செய்யக் கூடாது. உத்தேசத்தை 7-ஆல் பெருக்கு, அதை 2-இலிருந்து கழி, மீதியை உத்தேசத்தோடு பெருக்கு. 0.1-இல் தொடங்கினால் 0.13, 0.1417, 0.14284777, 0.142857142. ஒவ்வொன்றையும் 7-ஆல் பெருக்கி, 1-க்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்: 0.3, 0.09, 0.0081, 0.00006561. முந்தையதன் வர்க்கமே அடுத்தது, ஒரு துளிகூட மிச்சமில்லாமல். பெருக்கலும் கழித்தலும் மட்டும் தெரிந்த கருவிக்கு வகுத்தலைக் கற்றுக்கொடுத்துவிட்டோம். இன்டெல்லின் ஐட்டானியம் செயலியில் தசம எண்களை வகுப்பதற்கென்று தனிக் கட்டளையே கிடையாது. ஒரு தொடக்க உத்தேசத்தைத் தரும் கட்டளை உண்டு, மீதியை இதைப் போன்ற சுற்றுகள் பார்த்துக்கொள்ளும். ஆனால் தொடக்கம் முக்கியம். 0.1-க்குப் பதிலாக 0.3-இல் தொடங்கினால் அடுத்தது −0.03. அதன்பின் எண் மேலும் மேலும் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வகுத்தல் விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது இன்னோர் இடத்தில் வேறு உடையில் வரும்.

‘வாய்பாடு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுசெய்கை என்றால் வாய்பாடு கிடைக்காதவர்களின் கைவைத்தியம் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இருபடிச் சமன்பாட்டின் வாய்பாட்டில் வர்க்கமூலக் குறி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குறி ஒரு பெயர். அதன் மதிப்பைக் கேட்டால் ஹெரோனிடமோ அவரைப் போன்ற வேறொருவரிடமோதான் போயாக வேண்டும். வாய்பாடு வேலையை முடிக்கவில்லை, வேறு சமன்பாட்டிடம் ஒப்படைத்திருக்கிறது. ஐந்தாம் படியிலிருந்து அந்த ஒப்படைப்பும் பொதுவாகச் சாத்தியமில்லை என்று 1824-இல் நீல்ஸ் ஏபெல் நிரூபித்துவிட்டார். நிலைப்புள்ளி எங்கே, சாய்வு எவ்வளவு, எங்கிருந்து தொடங்கினால் சேரும் என்று தெரிந்தால் அந்த எண்ணைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நான் இதை முழு அறிவு என்றே கருதுகிறேன்.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு. அது மன்னிக்கும். அல்-காஷியின் முதல் சுற்றில் கை தவறி 0.0174523978 என்பதற்குப் பதிலாக 0.0175 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நேர்வழிக் கணக்கில் அந்தத் தவறு கடைசி வரி வரை வந்து விடையைக் கெடுத்துவிடும். இங்கே ஒன்றும் ஆகாது. 0.00005 அளவுள்ள பிழை அடுத்த சுற்றில் 0.00000006 ஆகிவிடும், அதற்கடுத்த சுற்றில் கண்ணிலேயே படாது. ஒரு சுற்று கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். 1823-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கார்ல் பிரெடெரிக் காஸ் தன் முன்னாள் மாணவர் கெர்லிங்குக்கு எழுதிய கடிதத்தில், நில அளவைக் கணக்குகளில் வரும் பல மாறிகள் கொண்ட சமன்பாடுகளை ஒவ்வொரு மாறியாகத் திருத்திக்கொண்டே போகும் முறையை விளக்குகிறார். பாதித் தூக்கத்திலும், வேறு எதையாவது யோசித்துக்கொண்டும் இதைச் செய்யலாம் என்று அவர் அதில் பரிந்துரைக்கிறார். மனக்கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவரே கவனம் சிதறினாலும் கெடாத முறையை விரும்பினார். பின்னாளில் இதன் வடிவம் காஸ்–சைடல் என்ற பெயரில் நிலைத்தது.

சாய்வு ஒன்றைத் தாண்டினால் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்கு ‘விரிந்து ஓடிவிடும், பயனில்லை’ என்று பதில் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஓட இடமில்லாமல் விதியை ஓர் எல்லைக்குள் அடைத்துவிட்டால்?

1976-இல் ராபர்ட் மே ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக வாழும் பூச்சியினம் ஒன்று. ஒரு தலைமுறை மடிந்த பின்தான் அடுத்தது வரும். அதிகபட்ச எண்ணிக்கையை 1 என்று கொண்டால், இப்போதுள்ள பங்கு, காலியாக உள்ள பங்கு, பெருக்க விகிதம் மூன்றையும் பெருக்கினால் அடுத்த தலைமுறை. விதி இவ்வளவே. நிலைப்புள்ளியில் இதன் சாய்வு, 2-இலிருந்து பெருக்க விகிதத்தைக் கழித்தால் வருவது. விகிதம் 2.8 என்றால் சாய்வு −0.8, தத்தளித்து, பிறகு அடங்கும். விகிதம் சரியாக 2 என்றால் சாய்வு பூச்சியம். இங்கேதான் பழைய ஆள் வருகிறார்: விகிதம் 2 ஆக உள்ள பூச்சி விதியும், 7-ஆல் வகுக்கச் சொன்ன விதியும் ஒன்றே. உத்தேசத்தை மூன்றரையால் பெருக்கிப் பெயர் மாற்றினால் போதும், எழுத்துக்கு எழுத்து பொருந்தும். ஒரு செயலிக்குள் நடக்கும் வகுத்தலும் ஒரு பூச்சியினத்தின் வளர்ச்சியும் ஒரே எண்கோவை. இதை முதலில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

விகிதம் 3-ஐத் தாண்டினால் சாய்வு −1-ஐத் தாண்டுகிறது. நிலைப்புள்ளி அங்கேயே இருக்கிறது, ஆனால் யாரையும் அண்டவிடுவதில்லை. 3.2-இல் எண்கள் 0.513, 0.799 என்ற இரண்டுக்கும் இடையே மாறி மாறி வருகின்றன. ஓராண்டு குறைவு, ஓராண்டு நிறைவு. 3.5-இல் நான்கு மதிப்புகள் சுழல்கின்றன. பிறகு எட்டு, பதினாறு.

தனிநிலை அமைப்புகளுக்கே, அதாவது காலம் படிப்படியாகத் தாவிச் செல்லும் அமைப்புகளுக்கே, உரிய இயல்பு இது. இதே வளர்ச்சிக் கருத்தை 1838-இல் வெர்ஹூல்ஸ்ட் இடைவெளியில்லாமல் ஓடும் காலத்துக்கு எழுதினார். அவருடைய சமன்பாட்டில் எண்ணிக்கை தன் நிலைப்புள்ளியை நோக்கி அமைதியாக வளைந்து சென்று சேரும், ஒருபோதும் ஊசலாடாது. ஊசலாட முடியாது. ஒரு கோட்டில் தொடர்ச்சியாக நகரும் எண் நிலைப்புள்ளியைத் தாண்ட வேண்டுமானால் அதன்மீது கால் வைத்தாக வேண்டும். கால் வைத்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். தாவித் தாவிச் செல்லும் எண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு தாவலில் விடையைத் தாண்டி அந்தப் பக்கம் விழலாம், மறு தாவலில் இந்தப் பக்கம். தாவலுக்கு இடையில் என்ன நடந்தது என்று கேட்க முடியாது; இடையில் என்று ஒன்று இல்லை. தொடர்ச்சியான ஒன்றைக் கணினியில் ஏற்றுவதற்காகப் படிகளாக வெட்டும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். படியைப் பெரிதாக எடுத்துவிட்டு, திரையில் ஊசலாட்டம் தெரிந்ததும் இயற்கை ஊசலாடுகிறது என்று முடிவுகட்டிய அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

1975-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மிட்செல் ஃபைகன்பாம் இந்த இரட்டிப்புகள் எந்தெந்த விகிதத்தில் நிகழ்கின்றன என்று ஒரு கைக்கால்குலேட்டரில் கணக்கிட்டார். அது மெதுவான கருவி. நேரத்தை மிச்சப்படுத்த அடுத்த மதிப்பு எங்கே விழும் என்று ஊகிக்கத் தொடங்கினார். ஊகிக்கப் போன இடத்தில்தான் இடைவெளிகள் ஒரே விகிதத்தில் சுருங்குவது தென்பட்டது. 3, 3.4495, 3.5441, 3.5644 என்று இரட்டிப்புகள் நிகழும் இடங்களின் இடைவெளிகளை வகுத்துப் பாருங்கள்: 4.75, 4.66. இது 4.6692 என்ற எண்ணில் போய் நிற்கிறது. விதியை மாற்றி, ஒற்றை மேடு கொண்ட வேறொரு வழவழப்பான வளைகோட்டைப் போட்டாலும் அதே 4.6692. இரட்டிப்புகள் 3.56995-இல் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் பெரும்பாலும் ஒழுங்கற்ற ஓட்டம், நடுநடுவே ஒழுங்கின் சிறு சன்னல்கள்.

விகிதம் 4-க்கு வந்தால், மன்னிக்கும் குணம் முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது. இங்கே எண்ணை ஒரு கோணத்தின் சைனின் வர்க்கமாக எழுதினால், அடுத்த எண் அதன் இரட்டைக் கோணத்தின் சைனின் வர்க்கம். ஒவ்வொரு சுற்றும் கோணத்தை இரட்டிக்கிறது, ஆகவே கோணத்தில் உள்ள பிழையையும் இரட்டிக்கிறது. வழக்கமான கணினி எண்ணில் 16 தசம இடங்கள் அளவுக்குத் துல்லியம் உண்டு. ஐம்பத்துச் சில சுற்றுகளில் அது முழுவதும் தீர்ந்துபோகும். அதற்குப் பின் திரையில் வரும் எண்ணுக்கும் நாம் தொடங்கிய எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஓர் எளிய விதி இருக்கிறது: இரண்டால் பெருக்கு, முழு எண் பகுதியை எறிந்துவிடு. 0.1-இல் தொடங்கினால் 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2. இந்த நான்கும் என்றென்றும் சுழல வேண்டும். கணினியில் ஓடவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் சரியாக ஓடும், பிறகு இலக்கங்களில் அழுக்கு படியும், ஐம்பத்துச் சில சுற்றுகளில் பூச்சியமாகி அங்கேயே நிற்கும். கணினியில் எண் 53 பிட்களில் பைனரியாக, அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதப்பட்டு, இருக்கிறது. இரண்டால் பெருக்குவது எல்லாப் பிட்டையும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளுவது. முழு எண் பகுதியை எறிவது முன்னால் வந்த பிட்டை எறிவது. எறிய எறியக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு சுற்றும் துல்லியமாகத்தான் நடந்தது, எங்கும் தோராயமாக்கல் நடக்கவில்லை. 0.1 என்ற எண் பைனரியில் முடிவில்லாமல் நீள்வது. அதை 53 பிட்களில் வெட்டிய அந்த முதல் கணத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கணினிக்குள் இருக்கும் எந்த அமைப்பும் முடிவுள்ள நிலைகள் கொண்டது என்பதால், எந்த விதியும் அங்கே என்றாவது ஒருநாள் பழைய நிலைக்குத் திரும்பியே தீரும். இதற்குச் சாய்வும் தேவையில்லை, அருகாமை என்ற கருத்தும் தேவையில்லை. நிலைகள் தீர்ந்துபோனால் திரும்ப வருவதைத் தவிர வழியில்லை. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-இல் அறிவித்த 6174 இந்த வகை. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கிக் கழியுங்கள்: 3524-இலிருந்து 3087, 8352, 6174. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணும் அதிகபட்சம் ஏழு சுற்றில் 6174-இல் வந்து நிற்கும். ஐந்து இலக்கத்துக்குப் போனால் நிலைப்புள்ளியே கிடையாது; 53955-உம் 59994-உம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன, வேறு எண்கள் நான்கு நான்காகச் சுழல்கின்றன. நான்கு இலக்கத்தில் ஒரே எண்ணாக இருந்தது ஐந்தில் ஏன் இப்படிச் சிதறுகிறது என்பதற்கு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொல்வதைவிட ஆழமான காரணம் ஏதாவது இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நடைமுறையில் மிகக் கடினமான கேள்வி, எப்போது நிறுத்துவது என்பதுதான். பெரும்பாலான நிரல்கள் அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம் மிகச் சிறியதானால் நிறுத்திவிடுகின்றன. இது ஆபத்தானது. 1, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். பத்து லட்சம் உறுப்புகளுக்குப் பின் கூட்டுத்தொகை சுமார் 14.39, கடைசி மாற்றம் 0.000001. வந்து சேர்ந்துவிட்டது என்று தோன்றும். இந்தக் கூட்டுத்தொகைக்கு எல்லையே கிடையாது. 32 பிட் எண்களில் கூட்டினால் இன்னும் மோசம்: 20 லட்சத்துச் சொச்ச உறுப்புகளில் 15.40 அருகே உண்மையிலேயே அசையாமல் நின்றுவிடும், ஏனென்றால் அடுத்த உறுப்பு அந்த எண்ணின் கடைசிப் பிட்டைத் தொடக்கூட முடியாத அளவுக்குச் சிறியதாகிவிட்டது. நிலைப்புள்ளி மாதிரியே இருக்கும்.

கடைசி மாற்றம் எவ்வளவு என்பதோடு சாய்வு எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். 1922-இல் ஸ்டீஃபான் பானாக் வெளியிட்ட நிலைப்புள்ளித் தேற்றத்திலேயே அதற்கான கணக்கு இருக்கிறது: சாய்வை, 1-இலிருந்து சாய்வைக் கழித்த மீதியால் வகுத்து, கடைசி மாற்றத்தோடு பெருக்கினால் மிஞ்சியிருக்கும் பிழைக்கு ஓர் உச்சவரம்பு கிடைக்கும். சாய்வு 0.0012 என்றால் பயமே இல்லை. 0.85 என்றால் பிழை கடைசி மாற்றத்தைப் போல் கிட்டத்தட்ட ஆறு மடங்காக இருக்கலாம். 0.99 என்றால் 99 மடங்கு. 0.85 என்பது கற்பனை எண் இல்லை. கூகுளை உருவாக்கிய பிரின், பேஜ் இருவரும் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் தம் பேஜ்ரேங்க் முறையில் தேர்ந்தெடுத்த எண் அது. அதுவும் ஒரு நிலைப்புள்ளிதான்: ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பும் அதைச் சுட்டும் பக்கங்களின் மதிப்பிலிருந்து வருகிறது. 32.2 கோடி இணைப்புகள் கொண்ட தொகுப்பில் சுமார் 52 சுற்றுகள் போதுமாக இருந்தன என்று அவர்களுடைய அறிக்கை சொல்கிறது. 0.85-ஐ 52 முறை பெருக்கினால் 0.0002. கணக்கு பொருந்துகிறது.

சாய்வு முன்கூட்டியே தெரியாத இடங்களில், அடுத்தடுத்த இரண்டு மாற்றங்களின் விகிதத்தைப் பார்த்தால் போதும். அதுவே சாய்வைக் காட்டிவிடும். ஃபைகன்பாம் கண்டதும் அப்படிப்பட்ட ஒரு விகிதம்தான். நான் எழுதும் எந்த நிரலிலும் மாற்றத்துக்குப் பக்கத்திலேயே இந்த விகிதத்தையும் அச்சிட வைக்கிறேன். அது ஒரு நிலையான எண்ணாக நின்றுவிட்டால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. மாற்றங்கள் எந்த மடங்கில் சுருங்குகின்றன என்று தெரிந்துவிட்டால், இனி வரப்போகும் மாற்றங்கள் அனைத்தையும் ஒரு பெருக்குத் தொடராகக் கூட்டி, காத்திருக்காமல் நேரே முடிவுக்குத் தாவலாம். அலெக்சாண்டர் எய்ட்கன் 1926-இல் தந்த வழி இது. கொசைன் பொத்தானை அழுத்தும்போது வரும் மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.763960, 0.722102, 0.750418. முதல் மாற்றம் −0.041857, அடுத்தது 0.028315, விகிதம் −0.676. முதல் மாற்றத்தை, 1-இலிருந்து இந்த விகிதத்தைக் கழித்து வரும் 1.676-ஆல் வகுத்து, முதல் எண்ணோடு கூட்டினால் 0.738992. பொத்தானை அழுத்தி வந்த கடைசி எண் உண்மையான விடையிலிருந்து 0.011 தள்ளி இருந்தது. இது 0.0001-க்கும் குறைவாகத் தள்ளி இருக்கிறது. பொத்தானை மட்டும் அழுத்தி இந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டுமானால் இன்னும் பன்னிரண்டு முறையாவது அழுத்தியிருக்க வேண்டும்.